செத்த எலியைத் தேடிய வாரம்

சத்துவாச்சாரி இரண்டாம் பகுதியில்
எட்டு வீடுள்ள எங்கள் குடியிருப்பில்
ஆவணி பிறந்த மூன்றாம் நாள்
எல்லோரும் எலியைத் தேடத் தொடங்கினார்கள்.

கௌசியா அக்கா பீரோவை நகர்த்தினார்.
ஜெபசீலன் சார் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தார்.
பூட்டிக் கிடக்கும் ஆறாம் நம்பர் வீட்டின்
கதவிடுக்கில் ஆளாளுக்கு மூக்கை வைத்து
அங்கேதான் என்றார்கள்,
அங்கே இல்லை என்றார்கள்.

நானும் தேடினேன்.
அதுதான் வெட்கம்.
துடைப்பக்கட்டையோடு மாடிப்படிக்கு அடியில் குனிந்து
"இங்கே ஒன்றுமில்லை" என்று
குரல் கொடுத்தேன்.

என் பால்கனியில்
போர்வை காயும் கொடிக்குப் பின்னால்
கையை விரித்து வைத்த அளவில்
ஐந்து முனைப் பூ ஒன்று.
ஆறிவரும் புண்ணின் மஞ்சள்.
குறுக்கே கருஞ்சிவப்பு வரிகள்.
ஓரமெல்லாம் பூனைமயிர்.
ஈக்கள் அதைப் பிணமென்று நம்பி
முட்டையிட்டுப் போயின.
நான் அவற்றிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

விரல் நீளத் துண்டாகக் கூரியரில் வந்தது.
நான்கு வருடம்.
கூட வந்த மான்கொம்புப் பெரணி
முதல் கத்திரி வெயிலிலேயே அப்பளமானது.
முத்துச்சரச் செடி ஒவ்வொரு முத்தாய்ச் சுருங்கி
மிளகு போலக் கொட்டியது.
இது மட்டும்
வேலூர் வெயிலைத் தின்றுகொண்டு
வாய் திறக்காமல் இருந்து,
திறந்தபோது இப்படித் திறந்தது.

காட்டிக்கொடுத்தது முனிரத்தினம்.
தண்ணீர் கேனைத் தோளில் இருந்து இறக்கியவர்
பால்கனியை எட்டிப் பார்த்தார்.
"இது கள்ளிமுளையான் சாதிம்மா.
எங்க ஒடுகத்தூர் மலையில கீது,
புளி வச்சித் தொவையல் அரைப்போம்.
இத்த துன்னாத, இது வேற.
எலி நாத்தம் இதான்."

படிக்கட்டு முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு.

சிறிது நேரத்தில்
என் வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு.
திட்டு விழும் என்று
சுவரோடு நின்றேன்.
கௌசியா அக்கா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தி
குனிந்து பார்த்துச் சொன்னார்:
"இவ்வளவு அழகா இருந்துகிட்டு ஏண்டி இப்படி?"
பூவிடம்தான். என்னிடம் இல்லை.
ஜெபசீலன் சார் கைக்குட்டைக்குள் இருந்து
நாற்றம் என்றால் பழந்தமிழில்
நறுமணம் என்றுதான் பொருள் என்றார்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக மூன்றாம் மாடி ஹல்தார்.
மேதினிப்பூரில் இருந்து மருத்துவத்துக்கு வந்து
மாத வாடகைக்கு இருப்பவர்.
மருந்து ஏறிய நான்கு மாதமாய்
மீனும் சோறும் ஒன்றுபோல மண்,
எதிலும் வாசம் இல்லை என்று
அவர் மனைவி கையால் சொல்லியிருக்கிறார்.

மனைவியின் தோளைப் பிடித்து வந்தார்.
முகத்தைப் பூவுக்குள் வைத்தார்.
நாங்கள் காத்திருந்தோம்.
ஒரு ஈ எழுந்து அவர் காதில் உட்கார்ந்தது.
மெல்ல
அவர் முகம் முழுவதும் சுருங்கியது.
ஏதோ சொன்னார்.
அந்த அம்மா சிரித்து, அழுது,
கீரைக்காரியிடம் கற்ற தமிழில் கத்தினார்:
"நாத்தம்! நாத்தம் வருது!"

அன்று மாலை காய்கறிக் கத்தியால் வெட்டினேன்.
வெட்டிய காயம் மூன்று நாள்
நிழலில் காய வேண்டும், உடனே நட்டால் அழுகிவிடும்
என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.
கௌசியா அக்கா ஓட்டை விழுந்த பிரியாணி தேக்சாவில் வைத்தார்.
சார் பெயின்ட் டப்பாவில்.
ஒரு துண்டு தினத்தாளில் சுருண்டு
காட்பாடியில் ஹவுரா ரயில் ஏறியது.
அது பிழைத்ததா என்று தெரியாது.
அவரைப் பற்றியும்தான்.

இது அடுத்த ஆவணி.
தேக்சாவில் நேற்று விரிந்துவிட்டது,
என்னுடையது இன்னும் மொட்டு.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஆறாம் நம்பருக்குக் குடிவந்தவர்கள்
பிரிட்ஜை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது.
கீழிருந்து கௌசியா அக்கா நிமிர்ந்து பார்க்கிறார்.
மேலிருந்து நான்.
இன்னும் ஒருநாள் தேடட்டும் என்று
விரலைக் காட்டுகிறார்.

என் சமையலறை அலமாரியில்
அவர்களுக்கான துண்டு
காயம் உலர்ந்துகொண்டிருக்கிறது.