கைமாற்று

‘இங்கே ரொக்கம் வாங்குவதில்லை’ என்ற ஒட்டுத்தாளை
மூன்று முறை கொடுத்துவிட்டுப் போனார்கள்
கார்டு இயந்திரக் கம்பெனிக்காரர்கள்.
மூன்றும் காபி வடிதாளுக்கு அடியில் கிடக்கின்றன.
கொள்கை என்று எதுவுமில்லை.
கண்ணாடியைத் துடைத்து ஒட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

லிக்செலெ பேருந்து நிலையத்தில்
நான்கு நாற்காலியும் ஒரு கணப்பும் உள்ள கடை என்னுடையது.
வருகிறவர்கள் கார்டைக் காட்டுவார்கள்,
இயந்திரம் கீச்சென்னும், போய்விடுவார்கள்.
கல்லாவில் இப்போது
தலைவலி மாத்திரை வைத்திருக்கிறேன்.

ஈல்வா மட்டும் காசு தருவாள்.
வியாழக்கிழமை, ஒரு பன், பத்துக் குரோனர் நாணயம் மூன்று.
சத்தம் வராமல் விரலால் அழுத்தி வைப்பாள்.
கார்டு தொலைந்துவிட்டதா என்று ஒருநாள் கேட்டேன்.
“இருக்கிறது. நான் இங்கே காட்டினால்
ரிக்கார்டின் பாக்கெட்டில் மணி அடிக்கும்.
எத்தனை மணிக்கு, எந்தக் கடை, எவ்வளவு.
போன மாதம் மருந்துக்கடையில் எழுபத்தொன்பது.
எதற்கு என்று விடியும்வரை கேட்டான்.”
பன்னைப் பிய்த்தாள்.
நான் காபி ஊற்றினேன்,
சொல்ல ஒன்றும் தோன்றாதபோது ஊற்றுவதுபோல.

பிப்ரவரி. ஊமெ ஆறு உறைந்து கிடந்தது.
காலை ஏழு மணிக்கு முதுகுப்பையும் மகனுமாக வந்தாள்.
பையனுக்கு ஆறு வயதிருக்கும்,
இரண்டு கையிலும் வேறு வேறு நிறத்தில் கையுறை.
ஜாம் பாட்டிலை என் முன் கவிழ்த்தாள்.
கோடை முழுக்க ஏரிக்கரையில்
காலிப் புட்டிகள் பொறுக்கிச் சேர்த்தது.
சின்னதற்கு ஒன்று, பெரியதற்கு இரண்டு.
“பேருந்தில் இது செல்லாதாம், ஹென்னிங்.”

அரசர் முகம் பதித்த நல்ல காசு.
அது செல்லவில்லை,
அதனால் அவளாலும் செல்ல முடியவில்லை.

என் கார்டை எடுத்தேன்.
ஊமெயோவுக்கு ஒரு முழு டிக்கெட், ஒரு அரை.
முந்நூற்று எண்பது. கீச்.
காதும் காதும் வைத்தாற்போல
என் பாக்கெட்டில் மட்டும் மணி அடித்தது.

அவள் பத்துப் பத்தாக அடுக்க ஆரம்பித்தாள்.
“அப்புறம் அனுப்பேன்” என்றேன்.
“அனுப்பினால் தெரியும்” என்றாள், எண்ணுவதை நிறுத்தாமல்.
எழுத்தில்லை, வட்டியில்லை, சாட்சியில்லை,
கைக்குக் கை.
ஒரு நாணயத்தை மட்டும் பையன் விட மறுத்தான்.
இருக்கட்டும் என்றேன்.

மத்தியானம் ரிக்கார்ட் வந்தான்.
போனை விரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
கடைசியாகத் திங்கட்கிழமை, பால், பதினெட்டுக் குரோனர்.
அதற்குக் கீழே அவள் இல்லை.
காபி கேட்டான். கொடுத்தேன். கார்டில் கட்டினான்.

இரவு பேருந்துக் கம்பெனி எனக்குச் செய்தி அனுப்பியது:
ஊமெயோ பயணம் எப்படி இருந்தது?
ஐந்து நட்சத்திரம் காலியாக நின்றன.
எனக்கும் தெரிந்தால் நல்லது.

அடுத்த மாதம் காசை வங்கியில் போடப் போனேன்.
இந்த ரொக்கம் எப்படிக் கிடைத்தது என்று திரை கேட்டது.
வியாபாரம் என்பதைத் தொட்டேன்.
விவரம் கேட்டது.
பன், பன்னிரண்டு என்று எழுதினேன்.
பத்துக் குரோனர் இடிக்கிறது.
இன்னும் யாரும் கேட்கவில்லை.