நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அட்டை கடும்பச்சை. முதுகில் பொன்னெழுத்து உரிந்து
ஒரு 'யா' மட்டும் மிச்சம்.
உள்ளே ஊதா முத்திரை:
அக்கராயன் வளர்மதி வாசிகசாலை, பதிவு இலக்கம் 219.
மொஸ்கோவில் அச்சடித்துக் கப்பலில் வந்ததை
எண்பத்தோராம் ஆண்டு ஆரோ பதினெட்டு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள்.
கரையான் முயன்று பார்த்துவிட்டுப் போன பசை.

சங்கக்கடையில் எனக்கும் சுகிர்தாவுக்கும்
பங்கீட்டு மட்டை பார்த்து மா, சீனி நிறுக்கிற வேலை.
அவள் வேகமாய் வாசிப்பாள்.
நான் பெயர்களில் தடக்குப்படுவேன்.
ஒரு ஆளுக்கு மூன்று பெயர் என்றால் என்ன செய்ய?
"ஏன், எங்கட பெடியளுக்கு இல்லையே?
வீட்டில ஒண்டு, பள்ளிக்கூடத்தில ஒண்டு,
போன இடத்தில ஒண்டு" என்றாள்.
அதன்பிறகு நான் தடக்குப்படவில்லை.

முந்நூறாம் பக்கத்தில் ஒருவன் பனியில் செத்துப்போகிறான்.
மார்கழி வயலில் முழங்காலளவு பனி நிற்கக் கண்டவர்கள் நாங்கள்,
துவாய் ஒன்றைத் தலையில் கட்டினால் தீர்கிற பனி.
அதில் எப்படிச் சாவது என்று
தராசுத் தட்டைத் துடைத்தபடி யோசித்தோம்.

சனம் கிழக்கே நகரத் தொடங்கிய ஐப்பசியில்
அவள் வீட்டார் ஒரு உழவு மெசினில், நாங்கள் இன்னொன்றில்.
பாண் வெட்டுகிற கத்தியால் நான்தான் புத்தகத்தை அறுத்தேன்.
மொஸ்கோ நூல் லேசில் விடவில்லை.
என் பாதியின் கடைசி வரி
அவள் கதவைத் திறந்தபோது
என்று நின்றது. காற்புள்ளிகூட இல்லை.
தருமபுரத்தில் மாற்றிக்கொள்வோம் என்றோம்.

தருமபுரத்தில் அவள் இல்லை.
விசுவமடுவில் கேட்டேன்.
அதற்கங்கால் நின்று கேட்கிற இடங்களாய் இல்லை.

பதினொரு வருசம் கழித்து நோர்வேயிலிருந்து ஒரு குரல்.
"இப்ப விளங்குதடி, பனியில சாகலாம்."
பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"அந்தப் பாதியை எரிச்சுப்போட்டன்.
மாத்தளன் மணலில ஏது விறகு?
சின்னவனுக்குக் கஞ்சி.
ஆனா வாசிச்சு வாசிச்சுத்தான் கிழிச்சனான்."

சின்னவனைப் பற்றி நான் கேட்கவில்லை.
"கதவைத் திறந்தபோது?" என்றுதான் கேட்டேன்.

வாசலில் அவன் நின்றானாம்,
சப்பாத்து முழுக்கச் சேறு, கையில் ஒரு தகரப்பெட்டி.
அவள் ஒன்றும் கதைக்காமல் தேத்தண்ணி வைத்தாளாம்.
அந்த வருசம் விதைத்தார்களாம், வெட்டினார்களாம்.
அரை மணித்தியாலம் சொன்னாள்.

போன மாதம் கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே
புதுப் பதிப்பு, மினுமினுக்கிற அட்டை.
நின்றபடியே அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன்.
கதவைத் திறந்தபோது வாசலில் தபால்காரன்.
அவன் வரவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும்
அவன் வரவேயில்லை.

"எடுக்கிறீங்களோ?" என்றார் கடைக்காரர்.
வைத்துவிட்டு வந்தேன்.

நேற்றிரவு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
தேத்தண்ணிக்குச் சீனி போட்டவளோ?

உடனே பதில் வந்தது:
பங்கீட்டுச் சீனி. ஒன்றரைக் கரண்டி.