ஒரு 'ர்' கூட

மூணரை மணிக்கு
உளுந்து பாதி அரைபட்டிருக்கையில்
கிரைண்டர் ஒரு சத்தம் போட்டது.

செல்லூரில் சத்தத்துக்கு என்ன பஞ்சம்.
பக்கத்துத் தறிகள் விடியவிடிய அடிக்கும்,
பாலத்தில் லாரி ஏறும்.
இது அந்தக் கணக்கில் இல்லை.
அப்பளத்தை ஈரத்துணியில் சுற்றி
யாரோ மெதுவாக உடைப்பதுபோல.

செல்லை எடுத்து, மாவு விரலைத் துடைத்துத்
தட்டினேன்:
கிரைண்டர் கிர்ர் சத்தம்.
ஒரு ரிங்டோன் வந்தது.
ஒரு 'ர்' குறைத்தேன்.
மாதத் தவணையில் புது கிரைண்டர்.
ஒரு 'ர்' கூட்டினேன்.
அதே கிரைண்டர், வேறு கலரில்.

இதற்கு என்ன பெயர் என்று கேட்கப் போனால்
வாசலிலேயே நிறுத்தி
பெயர் என்ன என்கிறது.
தெரிந்தால் நான் ஏன் வருகிறேன்?

மைக் படத்தை அழுத்தி
கல்லோரம் போனைப் பிடித்தேன்.
பொறுமையாகத்தான் கேட்டது.
கேட்டதை எழுதியும் காட்டியது:
கீரை கீரை கீரை.
கீழே, மசியல் செய்யும் முறை.

கடைசியில் நெல்பேட்டை காதர் மைதீனை எழுப்பினேன்.
"கல்லுகிட்டப் பிடிங்க."
பிடித்தேன்.
"குழவியத் தூக்குங்க."
தூக்கினேன்.
"தொண்டை போயிருச்சு. பத்து மணிக்கு வர்றேன்."
தூக்கத்திலேயே சொல்லிவிட்டு
தூங்கப் போய்விட்டார்.

இப்போதுதான் ஒரு சொல் கிடைத்திருக்கிறதே.
தொண்டை சரிசெய்வது எப்படி.
பாலில் மஞ்சளும் மிளகும் போட்டு
இளஞ்சூட்டில் குடிக்கச் சொன்னார்கள்
பதினோரு டாக்டர்கள்.

ஆறு மணிக்கு முதல் தூக்குவாளி வந்துவிட்டது.
ராஜேஸ்வரி டீச்சர்.
"இன்னிக்கு மாவு இல்லையா?"
சத்தம் கேட்டாலும் பரவாயில்லையென்று
மீதியை அரைத்து ஊற்றினேன்.
தோசை நன்றாகவே வந்ததாம்.

பத்து என்றவர் பன்னிரண்டுக்கு வந்தார்.
கட்டைவிரல் அளவில் ஒரு வளையத்தைக் கழற்றி
கிரீஸோடு என் கையில் வைத்தார்.
"இதுக்கு நிஜப்பேரு என்னங்க?"
"நாங்க தொண்டைம்போம்.
கடையில நம்பரச் சொன்னாத்தான் தருவான்."
நம்பர் தேய்ந்திருந்தது.
பழசையே கையில் கொண்டுபோய்க் காட்டி
சிம்மக்கல்லில் வாங்கி வந்தார்.

சாயங்காலம் சுவரில்,
பால் கணக்குக்குப் பக்கத்தில்,
கரியால் எழுதி வைத்தேன்:
தொண்டை. எண்பது ரூபாய். காதர்.
சத்தம் என்று போட்டு
எதிரே இடம் விட்டிருக்கிறேன்.

செல்லைத் திறந்தால் இன்னமும்
அரைக்கீரையா சிறுகீரையா என்று
கேட்டுக்கொண்டிருக்கிறது.