அரையடி

ஆணிகளைத்தான் முதலில் பொறுக்கினோம்.
சுளகில் சாம்பலை அள்ளிப் புடைத்தால்
சாம்பல் அப்புத்தளைப் பக்கம் பறந்துவிடும்,
ஆணி தங்கும்.
மாலைக்குள் இரண்டரைப் போத்தல்.
வளைந்ததையெல்லாம் யோகமலரின் மகன் நிமிர்த்தினான்,
கல்லில் வைத்து, விரலையும் சேர்த்து.

தீ எங்களைத் தேடி வரவில்லை.
மேலே மானாப்புல்லுக்கு யாரோ வைத்தது.
வேட்டைக்கு என்கிறார்கள், பீடித்துண்டு என்கிறார்கள்.
ஆடிக் காற்று கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தது.
டர்பன்டைன் மரங்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.
பீலியில் அன்றைக்கும் நூல் கனத்தில்தான் தண்ணீர்.
பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை;
ஒன்றில் ஏறியது பத்திலும் நடந்தது
கதவு தட்டாமல்.

பிறகு வந்தார்கள்.
கிராம சேவகர், ஒரு படிவத்தோடு.
சங்கத்தார், ஒரு பெனரோடு.
கீழ்க் கிராமத்துக் குணபால பாஸ்
மட்டக்கோலும் தூக்குக்குண்டும்
மகன் போட்டுக் கழித்த ஒரு ஜம்பருமாக.
கம்பெனியிலிருந்து கடிதம் மட்டும் வந்தது:
தற்காலிகக் கூடாரம் போடலாம்.
கல் அத்திவாரம் கூடாது, மறு அறிவித்தல் வரை.

தற்காலிகம் எங்களுக்குத் தெரிந்த சொல்.
இந்த லயத்தையே தற்காலிகமாகத்தான் கட்டினார்களாம்.
அதற்குள் ஐந்து தலைமுறை
பிறந்து, காது குத்தி, காய்ச்சல் கண்டு, போய்ச் சேர்ந்தது.

ஆகவே பகலில் கூடாரம் கட்டினோம்.
இரவில், கூடாரத்துக்குள், அத்திவாரம்.
ஆற்றுக் கல்லைப் பிள்ளைபோல் இடுப்பில் வைத்து ஏறினோம்.
வாச்சர் சவரிமுத்து டோர்ச்சை வேறு பக்கம் அடித்தான்.
அடித்துக்கொண்டே வந்து
ஒரு கல்லையும் தூக்கினான்.

சிக்கல் சுவரில் வந்தது.
எனக்கும் யோகமலருக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகை.
பத்தொன்பது வருஷம் அதில் முதுகு சாய்த்துப் படுத்தவள் நான்.
அவள் இருமல் எத்தனை மணிக்கு வரும்,
அவள் புருஷன் எந்த இரவில் கிளம்பிப் போனான்,
எல்லாம் அந்தப் பலகை சொன்னது.
இடையில் ஆறு வருஷம் பேச்சில்லை, ஒரு கோழியால்.
இப்போது சாம்பலில் நின்று
இங்கே என்கிறேன்.
இல்லை, அங்கே என்கிறாள்.
வித்தியாசம் அரையடி.
பத்தடிக் காம்பராவில் அரையடி என்பது
ஒரு பிள்ளை ஒருக்களித்துப் படுக்கும் இடம்.

நூலைப் பிடித்தபடி குணபால பாஸ்
இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.
"நங்கி, நூல் நனையுது" என்றார்.
தூறல் தொடங்கியிருந்தது.

விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசைதான்.
மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.
நாலாம் நாள், நான் தனியாக மண் வெட்டும்போது
என் அடுப்பு மேடையின் விளிம்பு தட்டுப்பட்டது,
சாணி மெழுக்குக்கூட உரியாமல்,
அவள் சொன்ன இடத்தில்.
காலால் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தேன்.
நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சாயத்தண்ணியை நீட்டினாள்.
என் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி தட்டினாள்,
அதிலும் அளவு பார்த்து.

சுவர் தலை உயரத்தில் நிற்கிறது.
சீமெந்து அதோடு முடிந்தது.
கூரைக்குப் பண்டாரவளையில் உடைத்த ஒரு கடையின் தகரங்கள்.
விளம்பரப் பக்கம் உள்ளே பார்க்க அடித்துவிட்டோம்.
படுத்தால் என் தலைக்கு மேல் 'இன்று ரொக்கம்'.
அவள் பக்கம் 'நாளை கடன்'.
அவள் மகன் இரவில் சுவருக்கு மேலாகக் கத்துவான்:
"அத்தை, உங்கட எழுத்தைச் சொல்லுங்க!"
சொன்னால்தான் தூங்குவான்.

மறு அறிவித்தல் இன்னும் வரவில்லை.
ஐப்பசி மழை வந்துவிட்டது.
பழைய ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தோம்;
ஒன்று மட்டும் தப்பிவிட்டது.
ஒழுக்கு சரியாக நடுச்சுவரின் தலையில் விழுகிறது.
அது யாருடைய ஒழுக்கு என்று
இன்னும் பேசித் தீரவில்லை.
சட்டியை மட்டும் முறைவைத்து மாற்றுகிறோம்.
இன்றைக்கு என் முறை.