ஏழாம் பத்தி: மூலகாரணம்

வின்ட்சரிலிருந்து திரும்பி வந்த கார்க்கதவை
என் மேசையில் கிடத்தியிருக்கிறார்கள்.
வண்ணம் பூசாத தகடு.
சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது:
ஈரமணலில் புழு ஊர்ந்த தடம்போல
குறுக்கும் மறுக்குமாய்க் கோடுகள்.
கையுறையைக் கழற்றி விரலால் தடவினேன்.
மேடு என்று சொல்ல முடியாது.
ஆனால் இருக்கிறது.

இந்தச் சுருளை மார்ச்சில் சோதித்தது நான்தான்.
பதிவேட்டில் என் கையெழுத்து.
குளிர உருட்டி நசுக்கியதில்
எதற்கும் மசியாத முரடாய் வந்தது.
மணிபோல் கவிழ்ந்த உலைக்குள்
ஹைட்ரஜன் மூச்சில்
எழுநூறு பாகையில் ஒரு முழுநாள்.
எரிவாயுவை அணைத்துவிட்டு
"தூங்கிட்டுது" என்றான் டுவார்தே.

நுண்ணோக்கியில் பார்த்தேன்.
நசுங்கி நீண்ட பழைய பரல்கள் போய்
புதியவை முளைத்திருந்தன,
உடைத்த கற்கண்டுபோல் கோணல்மாணலாய்.
பிறகு ஒரேயொரு மெல்லுருட்டு,
நூற்றுக்கு ஒன்று.
அந்தச் சின்ன அழுத்தம் இல்லாவிட்டால்
முதல் வளைவிலேயே தகடு திடுக்கிடும்.

குண்டை வைத்து அழுத்தினேன்.
கிண்ணம் இறங்கியது:
ஒன்பது மில்லிமீட்டர், பத்து, பத்தேமுக்கால்,
பதினொன்றில்தான் மயிரிழை விரிசல்.
நன்று என்று எழுதினேன். பொய்யில்லை.

அதன்பின் வின்ட்சரில் வேலைநிறுத்தம்.
இங்கே ஹமில்டனில்
சுருள் கொட்டகையில் கிடந்தது.
ஏப்ரல், மே, ஜூன்,
ஏரியிலிருந்து ஏறிய புழுக்கத்தோடு ஜூலை.
யாரும் தொடவில்லை.
கரி மட்டும் சும்மா இருக்கவில்லை.
பத்தாயிரத்தில் நாலு பங்குதான்,
அதிலும் கட்டுப்படாமல் திரிந்தது கொஞ்சம்;
அணு அணுவாய், அவசரமில்லாமல் நடந்து
நாங்கள் இளக்கிவிட்ட இடங்களில் எல்லாம்
போய் உட்கார்ந்துகொண்டது,
பஸ்ஸில் கைக்குட்டை போட்டு
இடம் பிடிப்பவர்போல.

"யாருடைய பிழை? உருட்டாலையா, உலையா?"
தொலைபேசியில் பெவர்லி.
படிவத்தில் ஏழாம் பத்திக்கு ஒரே வரிதான்.
எட்டிப் பார்த்த டுவார்தே
"மனுசரும் இப்பிடித்தான், என்ன?" என்றான்.
இந்தப் படிவத்தில்
மனுசருக்குப் பத்தி இல்லையடா.

மீதி இருபத்தேழு சுருளையும்
மறுபடி மெல்லுருட்டுக்கு அனுப்பினேன்.
மூன்று வாரத்துக்குள் வளைக்கவும் என்று
ஒவ்வொன்றிலும் அட்டை கட்டினேன்.
கை முழுக்க எண்ணெய்.
அந்தக் கையோடு ஏழாம் பத்தியில் எழுதினேன்:
காத்திருப்பு.

இது காரணம் அல்ல என்று
வியாழக்கிழமை திருப்பி அனுப்பினார்கள்.
சேமிப்புக் கால மிகுதி என்று மாற்றினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.