தானாகத்தான்

டொக்டர்மார் சுற்றுக்கு வருவது எட்டு மணிக்கு.
அதற்கு முதல்
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில்
கட்டிலுக்குப் பத்து நிமிடம்,
ஒன்பது கேள்வி.
ஆராய்ச்சிக்கு. பெயர் வெளியே போகாது என்று
முதலில் வாசித்துக் காட்டுவேன்.
யாரும் நம்புவதில்லை.

சுகிர்தமலர். முப்பத்தொன்று. கும்புறுமூலை.
பாசிக்குடா ஹோட்டலொன்றில் விரிப்புத் தோய்க்கிறவள்.
பிள்ளைகள் மூன்று.
புருசன் கட்டாரில், பதினான்கு மாதமாய்.
மாதக்கணக்கு எழுதப் படிவத்தில் இடமில்லை,
நானும் தேடவில்லை.

"நித்திரை குறைஞ்சதா?"
"மெசின் சத்தம் மிஸ். படுத்தாலும் தலைக்குள்ள
விரிப்பெல்லாம் சுத்துது."
சில நாட்கள் என்று அடையாளமிட்டேன்.
அழித்துவிட்டு, அநேக நாட்கள்.

"பசி?"
"மீன் மணம் ஏலாம இருந்த."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.
எதிர்க்கட்டில்காரி
மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆறாவதை வாசிக்கும்போது
நடையில் சப்பாத்துச் சத்தம். பொலிஸ்.
மோட்டார்சைக்கிள் விபத்தொன்றுக்கு வந்தவன்,
வழி தவறி எட்டிப் பார்த்தான், போய்விட்டான்.
அவ்வளவுதான்.
சேலைன் ஏறும் அவளுடைய கை
என் மணிக்கட்டை விடவில்லை.
"தானாத்தான் போனது மிஸ்.
கிணத்தில தண்ணி அள்ளக்க."

நான் கேட்கவில்லையே.
என் ஒன்பதில் அந்தக் கேள்வி இல்லை.

ஒரு சந்தி, பெயர் வேண்டாம்.
மருந்துக்கடையின் பின்கதவு, பச்சைப் பெயின்ற்.
கடதாசிச் சுருளுக்குள் குளிசை, பன்னிரண்டாயிரம்,
வாய் திறந்தால் நீதான் உள்ளே என்ற எச்சரிக்கை இலவசம்.
இதொன்றையும் அவள் சொல்லவில்லை.
அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
உள்ளே நிற்கிறவள்
ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே
காசை எண்ணவேண்டும்.
எட்டு வருசமாகியும்
என் இடதுகை அதை மறக்கவில்லை.

கடைசிக் கேள்வி.
செத்துப்போனால் நல்லமென்று எப்போதாவது…
குரலைத் தாழ்த்தித்தான் கேட்பேன்.
அவள் யோசித்தாள், சிரித்தமாதிரியும் இருந்தது.
"செங்கலடிச் சந்தியில நிண்டக்க நினைச்சன்.
மறுகா பஸ் வந்திட்டு."

நான்கு பெட்டிகள் இருக்கின்றன.
எதற்குள் வைப்பது இந்த பஸ்ஸை?
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்.

எழும்பும்போது கூப்பிட்டாள்.
இடுப்புக்குக் கீழே விரிப்பை இழுத்து மூடியபடி,
தொழில் தெரிந்தவளின் குரலில்,
"மிஸ், இதைக் கழுவுற ஆக்களுக்குச் சொல்லுங்க,
பச்சத் தண்ணியில ஊறப்போடட்டும்.
சுடுதண்ணி பட்டா
ரத்தம் போகாது."