பெரிய எழுத்து

ஹெலினா நகரத்தில் பிப்ரவரி.
கூட்டரசுக் கட்டடத்தின் மூன்றாவது மாடி.
கொதிகலன் பழுதுபார்க்கும் ஹால்வர் ப்ரெக்கி
பூட்ஸின் பனியை மிதியடியில் உதறிவிட்டு
மூன்று விரற்கடைத் தடிமனில் ஒரு கோப்போடு வந்தார்.
வக்கீல் வைக்கவில்லை.
வக்கீல்கள் எல்லாரும் அந்தப் பக்கத்து ஆட்கள்.

முதலில் கொடி.
அதன் ஓரத்தில் பொன்னிறக் குஞ்சம் தொங்குகிறது,
ஆகவே இது கப்பல் வழக்குகளை விசாரிக்கும் மன்றம்,
நான் கப்பலில் ஏறியதே இல்லை என்றார்.
கடல் அங்கிருந்து அறுநூறு மைல்.
நீதிபதி ரோசலின் ஓபேர்
கொடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
"கடையில் அப்படித்தான் விற்கிறார்கள்."

பிறகு சம்பளம்.
உழைப்பைக் கொடுத்தேன், ஈடான காசை வாங்கினேன்,
தட்டுக்குத் தட்டு சரி,
இதில் வருமானம் எங்கே?
கேட்க நியாயம்போலத்தான் இருந்தது.
எனக்கே ஒரு கணம் தலை ஆடியது.
ஆனால் எந்த வழியில் வந்தாலும் வருமானம் என்கிற சட்டம்
வழிகளை எண்ணத் தொடங்குவதே
உழைத்து வாங்கிய கூலியில்தான்.

அப்புறம் காற்புள்ளி.
நூறு வருஷத்துக்கு முன்னால்
வரிக்கான திருத்தத்தை மாநிலங்கள் ஒப்புக்கொண்டபோது
ஒரு படியில் காற்புள்ளி விட்டுப்போயிருந்ததாம்,
இன்னொன்றில் ஒருமை பன்மையாகியிருந்ததாம்,
எனவே திருத்தமே பிறக்கவில்லையாம்.
பத்திரிகையில் ஒற்றுப் பிழை,
ஆகையால் கல்யாணமே நடக்கவில்லை என்பவரைப்போல
விரல் வைத்து விரல் வைத்துக் காட்டினார்.
மணமக்கள் பேரன் பேத்தி எடுத்தாயிற்று.

கடைசியில்தான் பெயர்.
நோட்டீஸில் இருப்பது என் பெயர் இல்லை,
அது முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது,
பெரிய எழுத்துக்காரன் அரசாங்கம் செய்த பொம்மை,
கடன் அவனுடையது, அவனைப் போய்ப் பிடியுங்கள்.

இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கொரு சங்கடம்.
நம் எழுத்தில் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை.
குறில் நெடில் உண்டு.
அதை வைத்து ஒருவர்
இரண்டு ஆளாகப் பிரிந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சிரிக்க வந்தவன்தான் நான்.
பாதியில் நின்றுவிட்டது.
அந்த அறையில் சட்டத்தை அவ்வளவு பக்தியோடு
படித்திருந்தவர் வேறு யாருமில்லை.
ஓர் அட்சரம் பிசகினால் மந்திரம் பலிக்காது,
பிசகிய அட்சரம் அகப்பட்டால் பூட்டுத் திறந்துகொள்ளும் என்று
கண் வீங்க வீங்க அடிக்கோடிட்டிருந்தார்.
மனைவி எஸ்ட்ரிட்டின் மருத்துவமனை ரசீதுகளும்
அதே கோப்பில், கடைசியில், துளையிட்டுக் கோத்திருந்தன.
அவற்றை அவர் யாருக்கும் காட்டவில்லை.
காட்டியிருந்தால் ஒருவேளை
கொஞ்சம் கழித்திருப்பார்கள்.

"இந்தக் கோப்பு எங்கே கிடைத்தது?"
போஸ்மனில். ஓட்டல் கூடத்தில் இரண்டு நாள் வகுப்பு.
"விலை?"
தொள்ளாயிரம் டாலர்.
"டாலர் பணமே இல்லை என்று
பதினேழாம் பக்கத்தில் போட்டிருக்கிறதே,
அவர் வாங்கிக்கொண்டாரா?"
ஹால்வர் புரட்டினார்.
பதினேழாம் பக்கம் அங்கேதான் இருந்தது.

தீர்ப்புக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை.
சட்டம் மந்திரமில்லை என்று நீதிபதி சொல்லவில்லை,
நான்தான் சொல்லிக்கொண்டேன்.
அது ஊர் நடந்து நடந்து விழுந்த தடம்,
ஒரு கல் புரண்டு கிடந்தால் தடம் அழியாது.
இதே வாதங்கள் ஏறி இறங்கி
இந்தப் படிகள்தான் தேய்ந்தன.
வரி, வட்டி, அபராதம்.
மன்றத்தின் பொழுதை வீணாக்கியதற்குத்
தனியே நாலாயிரம்.

லிஃப்டில் என்னோடுதான் இறங்கினார்.
புழுக்கம்போல, கோட்டைத் திறந்துவிட்டிருந்தார்.
உள்ளே வேலைச் சட்டை,
பையின்மேல் சிவப்பு நூலில் கையால் தைத்த பெயர்,
ஆறு எழுத்தும் பெரிய எழுத்து.
யார் தைத்தது என்று நான் கேட்கவில்லை.
தரைத்தளத்தில் காவலாள் அதைப் படித்துவிட்டு
"ஹால்வர், கையுறையை விட்டுவிட்டுப் போகிறீர்கள்" என்றான்.

திரும்பிப் பார்த்தார்.